பச்சைப் பாசியில் இரும்பு-கந்தகப் புரதம்: புதிதாக ஆய்வில் இறங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

ஏறக்குறைய ஓர் ஆண்டு முழுவதும் நான் பிரித்தெடுத்த புரதத்தில் இரும்பே இல்லை. ஜெல்லில் பட்டை தெளிவாக விழுந்தது. எடை சரியாக இருந்தது, அளவும் தாராளமாகக் கிடைத்தது. எலக்ட்ரானைக் கடத்தச் சொன்னால் மட்டும் கடத்தவில்லை. மரபணுவில் பிழையோ, தாங்கல் கரைசலில் பிழையோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். கடைசியில்தான் புரிந்தது: புரதச் சங்கிலி வேறு, அதற்குள் அமர்ந்து எலக்ட்ரானைக் கடத்த வேண்டிய இரும்பு-கந்தகக் கொத்து (சில இரும்பு, கந்தக அணுக்கள் சேர்ந்த சிறு கூட்டு) வேறு. சங்கிலியை ரைபோசோம் பின்னித் தந்துவிடும். கொத்தைச் செல் தனியாக, வேறு கைகளைக் கொண்டு கட்டி, பிறகு கொண்டுவந்து பொருத்துகிறது. அந்தப் பொருத்தம் நடந்ததா என்பதை முதல் நாளிலேயே சோதித்திருந்தால் அந்த ஓராண்டு எனக்கு மிஞ்சியிருக்கும். உங்களுக்காவது அது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் கிளமிடோமோனாஸ் ரெயின்ஹார்ட்டி என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசியைப் பற்றியது. ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அளவு, இரண்டு கசையிழைகள், கிண்ணம் போல வளைந்த ஒரே ஒரு பசுங்கணிகம். உயிர்வேதியியலோ தாவரவியலோ படித்துவிட்டு, இப்போதுதான் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றால் இது உங்களுக்கானது.

1. முதலில் உங்கள் புரதம் எந்த அறையில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்

பாசிச் செல்லில் இரும்பு-கந்தகக் கொத்து கட்டும் பட்டறைகள் மூன்று. பசுங்கணிகத்தில் இருப்பது ‘சஃப்’ அமைப்பு. மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது ‘ஐ.எஸ்.சி.’ அமைப்பு. சைட்டோசாலுக்கும் (செல்லின் திரவப் பகுதி) உட்கருவுக்கும் சேர்த்து ‘சி.ஐ.ஏ.’ அமைப்பு. உங்கள் புரதம் எந்த அறையில் குடியிருக்கிறதோ, அந்த அறையின் பட்டறைதான் அதற்குக் கொத்து கொடுக்கும்.

பசுங்கணிகத்தில்தான் தேவை மிக அதிகம். ஒளிச்சேர்க்கையில் ஒளியின் ஆற்றலால் எலக்ட்ரானைத் தள்ளும் ஒளித்தொகுதி 1 என்ற ஒரே தொகுதிக்கு நான்கு இரும்பு, நான்கு கந்தகம் கொண்ட கொத்துகள் மூன்று வேண்டும். ஆக 12 இரும்பு அணுக்கள். அங்கிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் ஃபெரெடாக்சினுக்கு இரண்டு இரும்பு, இரண்டு கந்தகம் கொண்ட ஒரே கொத்து. சைட்டோகுரோம் பி6எஃப் தொகுதியில் உள்ள ரீஸ்கே புரதம், நைட்ரைட் ரிடக்டேஸ், ஹைட்ரஜன் உண்டாக்கும் ஹைட்ரோஜினேஸ் எல்லாமே இங்கேதான். மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசச் சங்கிலியின் தொகுதி 1, 2, 3, கூடவே அகோனிட்டேஸ். உட்கருவில் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸ்களுக்கும் கொத்து வேண்டும். அதனால்தான் இந்தப் பட்டறைகளின் அடிப்படை மரபணுக்களை முற்றாக நீக்கினால் செல் பிழைப்பது அரிது.

இந்தப் படியில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. புரதம் எங்கே போகும் என்று கணிக்கும் மென்பொருள்களில் பல, நிலத் தாவரங்களை வைத்துப் பழக்கப்பட்டவை. கிளமிடோமோனாஸ் புரதங்களின் முன்னால் இருக்கும் பசுங்கணிக ‘முகவரித் துண்டு’, நிலத் தாவரங்களுடையதைவிட மைட்டோகாண்ட்ரிய முகவரியையே அதிகம் ஒத்திருக்கிறது. ஆகவே பசுங்கணிகப் புரதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்கு உரியது என்று மென்பொருள் சொல்லிவிடும். பச்சைப் பாசிகளுக்காகவே உருவாக்கப்பட்ட பிரெட்ஆல்கோ போன்றதைப் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகும் செல் உறுப்புகளைப் பிரித்து, எதிர்ப்புரதம் கொண்டு ஒருமுறை சரிபார்க்காமல் ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

2. கொத்து கட்டப்படும் வரிசையை மனப்பாடமாக வைத்திருங்கள்

இது பாடம் போலத் தோன்றும். ஆனால் சோதனை பிசகும்போது எந்தக் கண்ணி அறுந்தது என்று தேட இந்த வரிசைதான் கைகொடுக்கும். தனி இரும்பும் தனி சல்ஃபைடும் செல்லுக்கு நஞ்சு. அதனால் இரண்டையும் செல் ஒருபோதும் அவிழ்த்துவிடுவதில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே போகிறது.

பசுங்கணிகத்தில் நடப்பதைப் பாருங்கள். சஃப்-எஸ் என்ற நொதி, சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கந்தகத்தை உருவி எடுக்கிறது. மிஞ்சுவது அலனின். உருவிய கந்தகம் நொதியின் சொந்தச் சிஸ்டீன் ஒன்றின் மேல் ஒட்டி நிற்கும். சஃப்-இ என்ற துணைப் புரதம் அதை வாங்கிக்கொண்டு போகிறது. இந்தத் துணை இல்லாவிட்டால் சஃப்-எஸ் மிக மந்தமாகத்தான் வேலை செய்யும். அடுத்தது சாரம். கட்டடம் எழும்பும்போது மூங்கிலால் கட்டுகிறோமே, அந்தச் சாரத்தின் வேலையைத்தான் சஃப்-பி, சஃப்-சி, சஃப்-டி மூன்றும் சேர்ந்த தொகுதி செய்கிறது. கந்தகமும் இரும்பும் அதன்மேல் ஒன்றுசேர்ந்து கொத்தாகின்றன. சஃப்-சி ஏ.டி.பி.யைச் செலவழித்து அந்தச் சாரத்தை அசைக்கிறது.

கட்டி முடித்த கொத்து நேராக உரியவரிடம் போவதில்லை. நடுவில் கைமாற்றும் புரதங்கள் நிற்கின்றன: ஒற்றைத் தயால் குளூட்டாரெடாக்சின்கள், என்.எஃப்.யு. வகைப் புரதங்கள், சஃப்-ஏ, ஹெச்.சி.எஃப்.101. எது யாருக்குக் கொடுக்கிறது என்பதில் தெரிவு உண்டு. ஹெச்.சி.எஃப்.101 இல்லாத அராபிடாப்சிஸ் செடி ஒளித்தொகுதி 1ஐக் கட்ட முடியாமல் நாற்றுப் பருவத்திலேயே மடிந்துவிடும். ஆனால் அதன் ஃபெரெடாக்சினுக்குக் கொத்து கிடைத்துவிடும்.

மைட்டோகாண்ட்ரியாவிலும் கதை இதேதான், நடிப்பவர்கள் வேறு. கந்தகத்தை உருவுவது என்.எஃப்.எஸ்.1, சாரமாக நிற்பது ஐ.எஸ்.யு., உதவிக்கு ஃபிரடாக்சின், எலக்ட்ரான் தருவது மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த ஃபெரெடாக்சின். கொத்தைச் சாரத்திலிருந்து இறக்குவது வெப்ப அதிர்ச்சிப் புரத வகையைச் சேர்ந்த ஓர் இணை. சைட்டோசால் பட்டறை தனித்து இயங்குவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள ஏ.டி.எம்.3 என்ற கடத்தி வெளியே அனுப்பும் கந்தகச் சேர்மத்தை நம்பித்தான் அது இருக்கிறது. ஆகவே மைட்டோகாண்ட்ரியாவில் கை வைத்தால் உட்கருப் புரதங்களும் தடுமாறும். உங்கள் சடுதிமாற்ற ரகத்தில் எதிர்பாராத இடத்தில் கோளாறு தெரிந்தால் முதலில் இந்தத் தொடர்பை நினைத்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: மேலே சொன்ன பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் சான்றுகளில் பெரும்பகுதி ஈ.கோலை பாக்டீரியா, ஈஸ்ட், அராபிடாப்சிஸ் ஆகியவற்றிலிருந்து வந்தவை. பாசியின் மரபணுவுக்கு அதே பெயர் சூட்டியிருப்பதால் அதே வேலைதான் செய்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். ஆய்வுத் திட்டம் எழுதும்போது ‘பாசியில் காட்டப்பட்டது’, ‘பிற உயிரியில் காட்டப்பட்டது’ என்று இரண்டு நிரல்கள் போட்டு ஓர் அட்டவணை தயாரியுங்கள். நெறியாளர்கள் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கும்.

3. ரகத்தைத் தேர்ந்தெடுங்கள், காகிதங்களை இன்றே தொடங்குங்கள்

உலகம் முழுவதும் இந்தப் பாசியின் ரகங்களைச் சேமித்து அனுப்பும் முக்கிய இடம், அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள கிளமிடோமோனாஸ் வள மையம். புரதம் பிரிப்பவர்களுக்குச் செல்சுவர் குறைபட்ட சி.டபிள்யூ.15 வகை ரகங்கள் வசதி. மெல்லிய அதிர்விலேயே உடைந்துவிடும். சுவர் உள்ள ரகத்தை உடைக்க நேரமும் வெப்பமும் அதிகம் பிடிக்கும், அந்த வெப்பம் கொத்துக்கு ஆகாது.

சிசி-124, சிசி-125 என்ற இரண்டு அடிப்படை ரகங்களை ஏறக்குறைய எல்லோரும் வைத்திருப்பார்கள். இரண்டிலும் நைட்ரேட்டைப் பயன்படுத்தத் தேவையான இரு மரபணுக்கள் பழுதாகியிருக்கின்றன. நைட்ரைட் ரிடக்டேஸை ஆராய நினைத்து, நைட்ரேட் ஊடகத்தில் இவற்றை வளர்க்க முயன்றால் வளராது. ரகத்தின் குறிப்பேட்டை முழுவதும் படிக்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

குறிப்பிட்ட மரபணு பழுதான ரகம் வேண்டுமென்றால் ‘கிளிப்’ என்ற தொகுப்பைத் தேடுங்கள். 2019இல் வெளியான கணக்கின்படி அதில் 62,389 சடுதிமாற்ற ரகங்கள் உள்ளன. வந்ததும் முதல் வேலை, செருகல் (மரபணுவைப் பழுதாக்க நுழைத்த டி.என்.ஏ. துண்டு) சொன்ன இடத்தில்தான் இருக்கிறதா என்று பி.சி.ஆர். செய்து பார்ப்பது. ஒரே ரகத்தில் இரண்டு செருகல்களும் இருக்கலாம். ஆகவே நல்ல மரபணுவைத் திரும்பச் செலுத்தி, கோளாறு சரியாகிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். சஃப்-பி போன்ற அடிப்படை மரபணுவுக்கு முழுப் பழுதான ரகத்தைத் தேடி நாளைப் போக்காதீர்கள். செயற்கை நுண் ஆர்.என்.ஏ. மூலம் அளவைக் குறைக்கும் வழிதான் உங்களுக்கு.

இந்தியாவிலிருந்து வரவழைப்பவர்கள் திரட்ட வேண்டியவை:

- பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். இதில் மாணவரோ நெறியாளரோ மட்டும் கையெழுத்திட்டால் போதாது. நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் யார் என்பதை முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.
- நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல். இயல்பான ரகத்துக்கும் கிளிப் ரகத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வரும். கிளிப் ரகத்தில் பாரோமோமைசின் எதிர்ப்பு மரபணு செருகப்பட்டிருக்கிறது. ஆகவே அது மரபணு மாற்றப்பட்ட உயிரி, 1989ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வருகிறது. ‘பாசிதானே’ என்று இயல்பான ரகத்துக்கான படிவத்தையே நிரப்பினால் திரும்பி வரும்.
- உயிருள்ள வளர்ப்புக்கான இறக்குமதி அனுமதி, சுங்கத்துக்கான விவரக் கடிதம். ‘நோய் உண்டாக்காதது, ஆய்வுக்கு மட்டும், வணிக மதிப்பு இல்லை’ என்ற வாசகங்கள் கடிதத்தில் இருக்கட்டும்.

குழு மாதந்தோறும் கூடும் என்று எண்ணி நாள் குறிக்காதீர்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, அதற்கு இரண்டு வாரம் முன்பே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். எனக்கு ஒரு கையெழுத்து விடுபட்டதால் ஒரு கூட்டம் தவறிப்போனது, அதோடு கோடை வந்துவிட்டது. பாசி சாய்வு அகாரில் (குழாயில் சாய்வாக உறையவைத்த ஊட்டக் கூழ்) உயிரோடு வருகிறது. அறை வெப்பநிலையில் வாரக்கணக்கில் தாங்கும். சித்திரை வெயிலில் மூடிய கிடங்கில் கிடந்தால் தாங்காது. கார்த்திகை முதல் மாசிக்குள் வந்து சேரும்படி திட்டமிடுங்கள், ஒவ்வொரு ரகத்திலும் இரண்டு குழாய் கேளுங்கள்.

4. ஊடகத்தில் இரும்பின் அளவை நீங்களே முடிவு செய்யுங்கள்

எல்லோரும் பயன்படுத்துவது ‘டாப்’ ஊடகம். ஒரு லிட்டருக்கு டிரிஸ் 2.42 கிராம், அசிட்டிக் அமிலம் 1 மில்லிலிட்டர், பாஸ்பேட், உப்புகள், நுண்தனிமங்கள், அமிலக் காரத்தன்மை 7. நுண்தனிமங்களுக்கு 2011இல் வெளியான திருத்திய கலவையைச் செய்துகொள்ளுங்கள். ஏழு தனித்தனிக் கரைசல்களாக இருப்பதால் இரும்பை மட்டும் மாற்றுவது எளிது. அதில் இரும்பு 20 மைக்ரோமோலார், தாமிரம் 2 மைக்ரோமோலார்.

கண்ணை நம்பாதீர்கள். இரும்பு 1 மைக்ரோமோலாருக்கு இறங்கினாலும் வளர்ப்பு பச்சையாகவே இருக்கும். உள்ளே செல் இரும்புப் பஞ்சத்துக்குரிய மரபணுக்களை ஏற்கெனவே இயக்கியிருக்கும். கால் மைக்ரோமோலார் அளவுக்கு இறங்கிய பிறகுதான் வெளிறும். அப்போது ஒளித்தொகுதி 1 குறைந்திருக்கும். ‘பச்சையாக இருக்கிறது, ஆகவே இரும்பு போதும்’ என்று வைத்த பல ஒப்பீடுகள் இதனால்தான் வீணாகின்றன.

தாமிரத்தையும் கவனியுங்கள். இரும்பைச் செல்லுக்குள் ஏற்றும் ஃபாக்ஸ்1 என்ற நொதிக்குத் தாமிரம் தேவை. தாமிரக் கரைசல் கெட்டிருந்தால் இரும்பு ஊற்ற ஊற்றப் பஞ்சம் தொடரும்.

இரும்புக் குறைவுச் சோதனை என்றால் கண்ணாடிக் குடுவைகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரவு முழுதும் ஊறவைத்து, தூய நீரில் பலமுறை அலசுங்கள். பிறர் கழுவி வைத்த குடுவையை எடுக்காதீர்கள்.

வெப்பநிலை 22 முதல் 25 டிகிரி, மிதமான ஒளி, நிமிடத்துக்கு 120 முதல் 150 சுற்று. அகாரிலிருந்து கீற்றிய பாசி தனித்தனிக் காலனிகளாக வர ஒரு வாரம், சிறு வளர்ப்புக்கு மூன்று நான்கு நாள், ஒரு லிட்டருக்கு இன்னும் மூன்று நான்கு நாள். ஒளித்தொகுதி 1 பழுதான ரகங்களை இருட்டிலோ மிக மங்கிய ஒளியிலோ வளருங்கள். மற்றவற்றோடு சேர்த்து வெளிச்சத்தில் வைத்தால் இரண்டே நாளில் போய்விடும்.

5. ஆக்சிஜனை வெளியேற்றுங்கள்

ஃபெரெடாக்சின் காற்றை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நான்கு இரும்புக் கொத்துகள் பலவும் பொறுக்காது. காற்று பட்டால் ஓர் இரும்பு உதிர்ந்து, மூன்று இரும்பு-நான்கு கந்தகமாகிவிடும். பிறகு அதுவும் சிதையும். ஹைட்ரோஜினேஸ் நொடிகளில் செத்துவிடும், மீளாது. எனவே முதல் பயிற்சிக்கு ஃபெரெடாக்சினையே எடுங்கள். கை பழகிய பிறகு மற்றவை.

ஆக்சிஜன் 1 பி.பி.எம்.முக்குக் கீழே உள்ள கையுறைப் பெட்டி (சுவரில் பொருத்திய கையுறைகள் வழியாக உள்ளே வேலை செய்யும் மூடிய பெட்டி) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆர்கான் சிலிண்டர், ரப்பர் மூடியிட்ட குப்பிகள், நீண்ட ஊசிகள் ஆகியவற்றை வைத்து ஃபெரெடாக்சின் அளவுக்குச் சமாளிக்கலாம். 100 மில்லிலிட்டர் கரைசலுக்கு அரை மணி நேரமாவது ஆர்கானைக் குமிழவிடுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: பிளாஸ்டிக் குழாய்களும் முனைகளும் ஆக்சிஜனைத் தம்முள் பிடித்து வைத்திருந்து மெல்ல வெளிவிடும். அவற்றை முதல் நாளே பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

கொத்தை ஒடுக்கப் பயன்படும் சோடியம் டைதயோனைட் பழசாகிவிட்டால் பயனில்லை. 100 மில்லிமோலாருக்கு மில்லிலிட்டருக்கு 17.4 மில்லிகிராம், அன்றன்று, சற்றுக் காரமான தாங்கல் கரைசலில், பெட்டிக்குள்ளேயே கரையுங்கள். ஒரு சொட்டு எடுத்து நிறமற்ற மெத்தில் வயலோஜனில் விடுங்கள். பளிச்சென்று ஆழ்ந்த நீலம் வர வேண்டும். மங்கலாக வந்தாலோ வந்து மறைந்தாலோ டைதயோனைட் கெட்டிருக்கிறது, அல்லது ஆக்சிஜன் இருக்கிறது. மெத்தில் வயலோஜன் என்பது பாராகுவாட் களைக்கொல்லியேதான். உயிரைக் குடிக்கும் நஞ்சு. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தூளாக எடை போடும்போது முகக்கவசம் கட்டாயம், கழிவைத் தனிக் குப்பியில் சேருங்கள்.

6. உடைத்தலும் பிரித்தலும்: பழுப்பைக் கண்டு மயங்காதீர்கள்

புரதச் சிதைவைத் தடுக்கும் மாத்திரைகளில் இரண்டு வகை உண்டு. இ.டி.டி.ஏ. இல்லாத வகையை வாங்குங்கள். இ.டி.டி.ஏ. இரும்பைப் பிடுங்கும், கொத்தையும் கரைக்கும். இரண்டின் பெட்டியும் ஒரே நிறத்தில் இருக்கலாம், பெயரைப் படித்து எடுங்கள்.

என் பெரிய ஏமாற்றம் நடந்தது அடுத்த கட்டத்தில். ஹிஸ்டிடின் வால் (பிசினில் ஒட்டுவதற்காகப் புரதத்தின் நுனியில் சேர்க்கும் சிறு அமினோ அமிலத் துண்டு) வைத்த புரதத்தை நிக்கல் பிசின் அடைத்த குழாயில் ஏற்றினேன். இளநீலமாக இருந்த பிசின் மேலிருந்து கீழாக மெல்லப் பழுப்பேறியது. தண்ணீர் கலந்த டிகாஷன் போன்ற நிறம், விரலகலத்துக்கு ஒரு வளையம். மூன்று மாதமாகக் காத்திருந்த கொத்து கண்ணெதிரே வந்துவிட்டது என்று நெறியாளரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “தாங்கல் கரைசலில் டைதயோத்ரைட்டால் இருக்கிறதா?” இருந்தது. அந்தச் சேர்மம் நிக்கலை ஒடுக்கிப் பிசினைப் பழுப்பாக்கும். புரதத்தை வெளியே எடுத்தபோது கரைசல் வெறும் தண்ணீர் போல நிறமற்று வந்தது, பழுப்பு பிசினிலேயே தங்கிவிட்டது.

ஆகவே நிக்கல் பிசினில் டைதயோத்ரைட்டாலைத் தவிருங்கள். முடிந்தால் ஸ்ட்ரெப் வால் வையுங்கள், விலை கூடுதலானாலும் உலோகம் சம்பந்தப்படாது. நிறத்தைப் பிசினில் பார்க்காதீர்கள், குழாயிலிருந்து சொட்டும் கரைசலில் பாருங்கள். பாசியின் சொந்த ஃபெரெடாக்சினுக்கு வால் எதுவும் தேவையில்லை. அது மிகுந்த அமிலத்தன்மை கொண்ட சிறு புரதம். எதிரயனிப் பரிமாற்றப் பிசினில் உறுதியாக ஒட்டிக்கொண்டு, உப்பை ஏற்ற ஏற்ற மற்றவை இறங்கிய பிறகு கடைசியாக இறங்கும். உண்மையான கொத்துள்ள சொட்டு செம்பழுப்பாக இருக்கும். அதில் ஒரு துளி டைதயோனைட் விட்டால் நிறம் வெளிறும். நிக்கல் பழுப்பு அப்படி வெளிறாது.

7. இரும்பையும் சல்ஃபைடையும் அன்றே அளந்துவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால் இதையே பின்பற்றுங்கள். பிரித்த அன்று, அதே குப்பியிலிருந்து மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்: புரதம், இரும்பு, அமிலத்தில் வெளிவரும் சல்ஃபைடு. அதற்கு முன் நிறமாலை. இரண்டு இரும்புக் கொத்துள்ள ஃபெரெடாக்சின் 330, 420, 460 நானோமீட்டர் அருகே மேடு காட்டும். நல்ல தயாரிப்பில் 420இன் அளவு, 280இன் அளவில் ஏறத்தாழப் பாதி இருக்கும். நான்கு இரும்புக் கொத்து 410 அருகே ஒரே பரந்த மேட்டைத்தான் காட்டும்.

இரும்புக்கு ஃபெரோசின் முறை. அமிலத்தால் புரதத்தைக் குலைத்து, அஸ்கார்பிக் அமிலத்தால் இரும்பை ஒடுக்கி, அம்மோனியம் அசிட்டேட்டால் அமிலத்தைத் தணித்து, ஃபெரோசின் சேர்த்தால் ஊதா நிறம் வரும். 562 நானோமீட்டரில் அளக்க வேண்டும். மோலார் உட்கவர் எண் 27,900. அதாவது 10 மைக்ரோமோலார் இரும்பு, ஒரு சென்டிமீட்டர் கிண்ணத்தில் 0.279 காட்டும். உங்கள் வெற்றுக் குழாயே 0.05 காட்டினால் தண்ணீரிலோ குழாயிலோ இரும்பு இருக்கிறது என்று பொருள்.

சல்ஃபைடுக்கு மெத்திலீன் நீல முறை, 670 நானோமீட்டர். அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகப் பறந்துவிடும். அதனால் முதலில் துத்தநாக அசிட்டேட்டும் காரமும் சேர்த்துப் பிடித்து வைத்துவிட்டு, மூடியை உடனே இறுக்கி மூடுங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால் உங்கள் முடிவு அந்தக் காற்றோடு போய்விட்டது. ஒப்பீட்டுக்கான சோடியம் சல்ஃபைடு படிகங்களின் மேற்பரப்பு காற்றில் கெட்டிருக்கும். ஆக்சிஜன் நீக்கிய நீரில் சட்டென்று அலசி, துடைத்து, பிறகு எடை போடுங்கள்.

புரத அளவில்தான் பெரும்பாலான விகிதங்கள் தவறுகின்றன. கொத்தே 280 நானோமீட்டரில் ஒளியை உட்கவரும், ஆகவே அங்கே அளந்தால் புரதம் அதிகமாகத் தெரியும். பிராட்ஃபோர்டு முறை ஃபெரெடாக்சின் போன்ற சிறிய அமிலப் புரதத்தைக் குறைத்துக் காட்டும். குறைந்தது ஒரு தயாரிப்புக்காவது அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்து, உங்கள் முறைக்கு ஒரு திருத்த எண் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபெரெடாக்சினில் விகிதம் 2:2 வந்தால் கொத்து அமர்ந்திருக்கிறது. இரும்பு அதிகமாகவும் சல்ஃபைடு குறைவாகவும் வந்தால் புரதத்தின் மேல் வெறும் இரும்பு ஒட்டியிருக்கிறது, உப்பு நீக்கும் குழாயில் ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டும் சமமாகப் பாதி வந்தால் பாதி மூலக்கூறுகள் வெறுமையாக இருக்கின்றன. அப்போது பிரிப்பில் பிழை தேடுவதைவிட ஊடகத்தையும் பட்டறையையும் சந்தேகிப்பது நல்லது. நான்கு இரும்புப் புரதத்தில் மூன்றுக்கு நான்கு என்று வந்தால் காற்று புகுந்திருக்கிறது.

8. ஹைட்ரோஜினேஸ் எடுப்பவர்களுக்கு

பாசியின் ஹைட்-ஏ1 நொதியில் ஆறு இரும்பு. நான்கு இரும்புக் கொத்தை வழக்கமான பட்டறை தருகிறது. அதனோடு இணையும் இரண்டு இரும்புப் பகுதியில் மூன்று கார்பன் மோனாக்சைடும் இரண்டு சயனைடும் தொங்கும். அதைக் கட்டுவதற்கென்றே தனியாக ஹைட்-இஎஃப், ஹைட்-ஜி என்ற புரதங்கள் இருக்கின்றன. டைரோசினைப் பிளந்து அந்தக் கார்பன் மோனாக்சைடையும் சயனைடையும் உண்டாக்குவது ஹைட்-ஜி.

ஈ.கோலையில் ஹைட்-ஏ1 மரபணுவை மட்டும் போட்டால் பழுப்பான, நான்கு இரும்புள்ள, அழகான புரதம் கிடைக்கும். ஹைட்ரஜன் ஒரு துளியும் வராது. முதிர்விக்கும் புரதங்களையும் கூடவே போடுங்கள், அல்லது 2013 முதல் வழக்கத்துக்கு வந்த முறைப்படி வேதியியலர் தயாரித்த இரண்டு இரும்புச் சேர்மத்தைப் பிறகு சேருங்கள். பாசியிலிருந்தே எடுப்பதானால் வளர்ப்பைச் செறிவாக்கி, அலுமினியத் தாள் சுற்றி இருட்டாக்கி, ஆர்கான் ஓடவிடுங்கள். சில மணி நேரத்தில் நொதி தோன்றும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்து பார்த்தால் திரும்ப முதலிலிருந்து.

9. செலவும் காலமும்

ஊடக உப்புகளுக்கும் ஃபெரோசினுக்கும் ஆகும் செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு கிராம் ஃபெரோசினில் 10 மில்லிமோலார் கரைசல் 200 மில்லிலிட்டர் வரும். ஒரு சோதனைக்கு 0.1 மில்லிலிட்டர் என்றால் 2,000 சோதனைகள். பணத்தைத் தின்பவை வேறு: கையுறைப் பெட்டியின் வாயு, ஸ்ட்ரெப் பிசின், கொத்தின் தனி எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் காட்டும் இ.பி.ஆர். கருவிக்கான திரவ ஹீலியம். ஹீலியத்தை இந்தியா இறக்குமதி செய்கிறது. கருவி இருக்கும் இடங்களிலும் ஹீலியம் வந்த வாரத்தில்தான் வேலை நடக்கும். ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது இதைத் தனி வரியாகப் போடுங்கள், ‘இதர வேதிப்பொருள்’ என்பதற்குள் ஒளித்தால் பிறகு கேட்க முடியாது.

முதல் ஆண்டுக்கு என் கணக்கு இது. காகிதங்களுக்கு நான்கு முதல் ஆறு மாதம். அந்த நேரத்தில் சும்மா இராமல், கடையில் கிடைக்கும் கீரை ஃபெரெடாக்சினை வாங்கியோ, கீரையிலிருந்து நீங்களே பிரித்தோ, ஏழாம் படியின் மூன்று அளவுகளையும் பழகிவிடுங்கள். பாசி வந்த பிறகு வளர்க்கவும் ரகத்தைச் சரிபார்க்கவும் இரண்டு மாதம். ஒரு பிரிப்புக்கு இரண்டு முழு நாள், அளவுக்கு அதே இரண்டாம் நாள் மாலை. வெள்ளிக்கிழமை தொடங்காதீர்கள்.

இ.பி.ஆர். நாளை முன்பதிவு செய்வது கடைசி வேலை என்று நினைக்காதீர்கள், பாசி வந்த வாரமே எழுதிக் கேளுங்கள். இரண்டு இரும்புக் கொத்துகள் சில, திரவ நைட்ரஜன் வெப்பநிலையிலும் சைகை தரும். நான்கு இரும்புக் கொத்துக்கு ஹீலியம் இல்லாமல் முடியாது. ஒவ்வொரு குவார்ட்ஸ் குழாயிலும் 200 முதல் 300 மைக்ரோலிட்டர், செறிவு 100 மைக்ரோமோலார் அளவில் இருக்கட்டும். ஒடுக்கியது ஒன்று, ஒடுக்காதது ஒன்று, புரதம் இல்லாத வெறும் கரைசல் ஒன்று. பெட்டிக்குள்ளேயே மூடி, வெளியே எடுத்ததும் அடிப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்லத் திரவ நைட்ரஜனில் இறக்குங்கள். சட்டென்று முக்கினால் குழாய் வெடிக்கும். காகித ஒட்டிகள் அந்தக் குளிரில் உதிர்ந்துவிடும். அட்டையில் பென்சிலால் எழுதி, குழாயின் வாய்ப்பக்கத்தில் நூலால் கட்டி வையுங்கள்.